மாறி நொண்டிய கால்

நேற்று வலது காலை இழுத்து இழுத்து நடந்த மனுஷன், இன்றைக்கு இடது காலை இழுத்துக்கொண்டு நடந்தார்.

ஓய்வுபெற்ற டிக்கெட் பரிசோதகர் படுத்தபடியே இதைக் கவனித்துவிட்டார். காலமெல்லாம் ரயிலில் திருட்டு முழி முழித்தவர்களைப் பிடித்த கண்ணாயிற்றே, சும்மா இருக்குமா?

அவருக்கு இடுப்பு எலும்பில் ஆபரேஷன். எலும்பு கூடிவிட்டது, இனி நடக்காவிட்டால் ஆயுசுக்கும் படுக்கைதான் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இவரோ காலைத் தரையில் வைக்கமாட்டேன் என்று ஒரே பிடிவாதம். பயம். வெளியே சொல்ல வெட்கம்.

மனைவி கெஞ்சிப் பார்த்தாள், அழுது பார்த்தாள். கால் இல்லாதவர்கள் மலை ஏறும் வீடியோக்களைச் செல்போனில் போட்டுக் காட்டினாள். எல்லாம் கிராபிக்ஸ் என்று சொல்லிவிட்டு அவர் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அப்புறம்தான் பக்கத்துப் படுக்கைக்கு இந்த ஆள் வந்து சேர்ந்தார்.

"நானே நடக்கிறேன், உங்களால முடியாதா சார்?" என்று காலையும் மாலையும் உபதேசம். சொல்லும்போதெல்லாம் மனைவி பக்கம் ஒரு பார்வை வேறு.

ஓகோ, கதை அப்படிப் போகிறதா! எனக்கு ரோஷம் வரவைக்க ஆள் பிடித்திருக்கிறாளா? பரிசோதகருக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணியவளே தன்னை ஏமாளி என்று நினைத்துவிட்டாளே.

அந்த ஆள் நொண்டிக்கொண்டே வாசலைத் தாண்டினார். பின்னாலேயே மனைவியும் ஃபிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு நழுவினாள்.

விடுவாரா இவர்? கட்டில் கம்பியைப் பிடித்தார். அப்புறம் சுவரை. அப்புறம் ஜன்னல் விளிம்பை. மூச்சு வாங்கியது. காது மட்டும் தூரத்தில் கேட்ட அந்த இரண்டு குரல்களை விடவில்லை.

படிக்கட்டுத் திருப்பத்தில் அந்த ஆள் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் மனைவி.

"மாட்டினியா! யாரை ஏமாத்தப் பார்க்கிறே?"

அந்த ஆள் பதறவே இல்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு மனைவியைப் பார்த்துச் சிரித்தார்.

"நல்லது சொன்னா எழுந்திருக்க மாட்டார், சந்தேகம் வந்தா ஓடியே வருவார்னு சொன்னீங்களே அக்கா. மாட்டிக்கிற மாதிரியே நடிங்கன்னீங்க, சரியாப் போச்சு."

மனைவியோ எதையும் பிடிக்காமல் நின்றுகொண்டிருந்த கணவரின் கால்களையே பார்த்து அழுதுகொண்டிருந்தாள்.