லீவில் இறங்கும் நம்பர்

"ஏலே சுடலை, நான் லீவுல வந்தாப் போதும், உனக்கு நம்பர் படுத்துக்கிடுது. அது எப்படிலே?"

வாசலில் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்த தம்பி சுடலைராஜ் நிமிரவே இல்லை. இசக்கிராஜாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

ராஜஸ்தானில் பட்டாளத்தில் இருக்கிறவன் அவன். தம்பியை எப்படியாவது சைக்கிள் ரேஸில் ஜெயிக்க வைத்து, ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் போலீஸில் சேர்த்துவிட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றான். அதற்காகவே இரண்டு வருஷத்துக்கு முன் பவர் மீட்டர் வாங்கி சைக்கிளில் மாட்டிக் கொடுத்தான். சாரல் காலத்தில் ரோடு வழுக்குமே என்று, மாடியறையில் நின்ற இடத்திலேயே ஓட்ட ஒரு ஸ்டாண்டும் வாங்கிப் போட்டான். மிதிக்கிற பலத்தை மீட்டர் அளக்கும். அன்றைக்கு எவ்வளவு பாடுபட்டிருக்கிறது உடம்பு என்பதை 'லோடு' என்று ஒரே நம்பராக்கி அண்ணனின் போனுக்கு அனுப்பிவிடும்.

அவன் ராஜஸ்தானில் இருக்கும்வரை நம்பர் பிரமாதம். வாரத்துக்கு அறுநூறுக்குக் குறையாது. பட்டாளத்துச் சிநேகிதர்களிடம் அதைக் காட்டிக் காட்டி மாய்ந்துபோவான். ஊரில் வந்து இறங்கினானோ இல்லையோ, நூறைத் தாண்டாது. என்ன மாயமோ!

"பக்கத்துல நின்னு பாத்தா பயப்படுதான் போல, விடுங்க" என்று மனைவி முத்துவடிவு காப்பியை நீட்டினாள்.

"நாளைக்கு கோச் முன்னாலயும் பயந்தா என்னட்டி செய்ய? இந்த நம்பரைப் பாத்துட்டுத்தான் அவரு திருநெல்வேலியில இருந்து வாராரு. பாஸாயிட்டாம்னா ஹாஸ்டல், பயிற்சி எல்லாம் அவரு பொறுப்பு. இந்த வருசத்த விட்டா இவனுக்கு வயசு தாண்டிரும்."

மறுநாள் காலை, குற்றாலத்திலிருந்து ஐந்தருவிக்கு ஏறும் ரோட்டில் சுடலைராஜ் ஓட்ட, கோச் பைக்கில் இசக்கிராஜாவை ஏற்றிக்கொண்டு பின்னாலேயே போனார். பாதி ஏற்றம்கூட வரவில்லை. பையன் நாக்குத் தள்ளி, காலைத் தரையில் ஊன்றிவிட்டான்.

கோச் போனைப் பார்த்தார். பையனைப் பார்த்தார்.

"போன மாசம் ஓட்டுன ஓட்டம் எங்க, இது எங்க? ஏதோ தில்லுமுல்லு பண்ணியிருக்கீங்க சார். என் நேரம்தான் வீண்."

தம்பியைக் கூட்டிக்கொண்டு சொந்த ஊரான வடகரைக்குத் திரும்பினான் இசக்கிராஜா. வீட்டுக்குள் நுழைந்ததும் வெடித்தான்.

"அந்த மனுசன் முன்னால என் மானத்த வாங்கிட்டியேலே! நான் வாரதுக்கு முந்தி வந்த நம்பரெல்லாம் என்ன, மாடியில பேயா வந்து ஓட்டுச்சு?"

சுடலைராஜ் அழுதுவிட்டான்.

"எனக்கு சைக்கிளே பிடிக்கலண்ணே. ஒங்கிட்ட சொல்லப் பயம். மாடிக் கதவச் சாத்திக்கிட்டு தெனமும் ஓட்டுனது மதினிதான். நீ லீவுல வந்தா அவிய மாடிப் பக்கமே போக மாட்டாவ."

இசக்கிராஜா அப்படியே நின்றான். முத்துவடிவு காலேஜில் மாநிலப் போட்டிவரை சைக்கிள் ஓட்டினவள். பெண் பார்க்கப் போன அன்றைக்கு அவள் வாங்கிய கப்புகளை வரிசையாக வைத்துக் காட்டினார்களே! அது எப்படி மறந்துபோனது? தோழர்களிடம் பீற்றிக்கொண்டதெல்லாம் அவளுடைய வியர்வையா? அவனுக்குத் தன்மேலேயே வெறுப்பாக வந்தது.

அடுக்களை வாசலில் போய் நின்றான்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா முத்து?"

"சைக்கிள் ஓட்டணும்னு கல்யாணமான புதுசுலேயே சொன்னேன்லா. என் சைக்கிள வித்துட்டு மிக்சி வாங்கிட்டு வந்தீய."

முத்துவடிவு பாத்திரம் தேய்த்துக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் கேட்டாள்.

"லீவு இன்னும் எத்தன நாளு இருக்கு?"

இரண்டு வருஷமாக, ஒவ்வொரு தடவையும் அவன் வந்து இறங்கிய மறுநாளே அவள் கேட்கிற கேள்விதான் அது. பிரிய மனசில்லாமல் கேட்கிறாள் என்றுதான் அவன் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தான்.