ஆயில் குடிக்கும் ஜீப்

“மாசம் ரெண்டு லிட்டர் ஆயில் குடிக்குது தம்பி. எங்கே போகுதுன்னே தெரியல,” என்றார் டீசல் ஜீப்போடு வந்த பெரியவர்.

மெக்கானிக் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தான். ஒரு சொட்டுக் கசிவில்லை. சைலன்சர் வாயில் மட்டும் எண்ணெய்ப் பிசுக்கு. போன சர்வீஸ் கணக்கோடு மீட்டரை ஒப்பிட்டுப் பார்த்தவனுக்குத் தலை சுற்றியது.

“மாசத்துக்கு நாற்பது கிலோமீட்டர்கூட ஓடலையே! நிறுத்தி வச்சுக்கிட்டு எஞ்சினை ஓட விடுறீங்களா சார்? அப்படி மணிக்கணக்கா ஓடினா ஆயில் உள்ளே ஏறி எரிஞ்சிடும்.”

பெரியவர் திருட்டு முழி முழித்தார். “வீட்டு வாசல்லதான். சாயங்காலம் ரெண்டு மணி நேரம். இந்தச் சத்தம் கேட்டாதான் என் வீட்டுக்காரி வந்து கேட்டைத் திறப்பா.”

“ரெண்டு மணி நேரமா!” மெக்கானிக் சிரித்துவிட்டான். “அம்மாவைக் கொஞ்சம் சீக்கிரம் வரச் சொல்லுங்க சார். இல்லைன்னா எஞ்சினையே இறக்கிப் பிரிக்க வேண்டியதுதான்.”

பெரியவர் சிரிக்கவில்லை.

“அவ போய்ச் சேர்ந்து எட்டு மாசம் ஆச்சு தம்பி. நானே இறங்கித் திறக்க மனசு வரமாட்டேங்குது.”

மெக்கானிக் கையைத் துணியில் துடைத்தான். பிறகு சாவியை வாங்கிக்கொண்டான்.

“நீங்க வீட்டுக்குப் போங்க சார். சாயங்காலம் நான் வண்டியைக் கொண்டு வர்றேன். சத்தம் கேட்டதும் நீங்க வந்து கேட்டைத் திறங்க.”