மூன்று முறையும் குடை

“அந்தம்மா வாயைத் தொறந்தாலே பொய்! அவளைக் காப்பாத்தினதே நான்தான்!”

அச்சகத்துக்குப் பிழை திருத்தும் புரூஃப் ரீடர் போட்ட கூச்சலில் அடுக்களைப் பாத்திரங்கள் இரண்டு தாமாகவே உருண்டன. கையில் கரண்டியோடு மனைவி ஓடிவந்தாள்.

“எந்தம்மா? எத்தனை நாளா நடக்குது இது?”

“ஐயோ, நாவல்ல வர்றவளைச் சொல்றேன்!”

மனைவிக்குப் போன உயிர் வந்தது. அவருக்குத்தான் இருந்த உயிரும் போய்க்கொண்டிருந்தது.

போன நாவலில், மூன்றாம் அத்தியாயத்தில் செத்துப்போனவர் ஏழாம் அத்தியாயத்தில் சாவகாசமாக உட்கார்ந்து காபி குடித்தார். அதைக் கவனிக்காமல் விட்டதற்கு, “இன்னொரு முரண்பாடு அச்சுல வந்துச்சுன்னா நீங்க வீட்டோட இருந்துக்கலாம்” என்று அச்சக முதலாளி சொல்லிவிட்டார். அன்றிலிருந்து இவருடைய சிவப்புப் பேனா கண்மூடவே இல்லை.

இந்த நாவலிலும் ஒரு கொலை. எதிர்வீட்டு அம்மாள்தான் ஒரே சாட்சி. ஓடிப்போன ஆள் கையில் குடை இருந்தது என்றாள். சில அத்தியாயம் தள்ளி, பை என்றாள். அப்புறம், வெறுங்கை என்றாள்.

‘இந்த எழுத்தாளருக்கு இவ்வளவு மறதி ஆகாது’ என்று தலையில் அடித்துக்கொண்டார் நம்மவர். மூன்று இடத்திலும் கொலைகாரன் கையில் குடையைக் கொடுத்துவிட்டுத்தான் ஓடவிட்டார். போலீசுக்கு முன்பே வந்து நிற்கிற துப்பறிவாளர், ஒவ்வொரு தடவையும் அந்த அம்மாளைத் தனியாகவே விசாரிக்கிறார் என்பதையும் படித்தார். அதில் எழுத்துப்பிழை எதுவும் இல்லாததால் மேலே போய்விட்டார்.

எழுத்தாளர் தவணை முறையில் எழுதுகிறவர். அத்தியாயம் வர வர அச்சாகிவிடும். கடைசி அத்தியாயம் இன்று காலைதான் வந்தது.

அதில் துப்பறிவாளர் விரலை நீட்டி, “குடை என்றீர்கள், பை என்றீர்கள், வெறுங்கை என்றீர்கள். கொன்றதே நீங்கள்தான்!” என்று முழங்குகிறார். அம்மாள் அழுகிறாள். முற்றும்.

“அவ மாத்தி மாத்திச் சொன்னதுதான் துப்பே! அத்தனையையும் என் கையாலயே அழிச்சுட்டேன்.”

“பழையபடி மாத்தி வச்சுடுங்களேன்” என்றாள் மனைவி.

“அதெல்லாம் அச்சாகி பைண்டிங்குக்கே போயாச்சு.”

“அப்ப இந்தக் கடைசியை மாத்துங்க.”

“கதையில கைவைக்க நான் யாரு?”

“இவ்வளவு நாளா வேற என்ன பண்ணினீங்களாம்?”

பதில் சொல்வதற்குள் தொலைபேசி அலறியது. முதலாளி.

“ஆள் அனுப்பியிருக்கேன், கடைசி அத்தியாயத்தைக் கொடுத்து விட்டுடுங்க. அச்சு மெஷின் காத்துட்டு இருக்கு.”

“சார், அதுல ஒரு சின்ன…”

“தப்பு ஏதாவது இருக்கா?”

புரூஃப் ரீடர் அந்தத் தாள்களைப் பார்த்தார். தாள்கள் அவரைப் பார்த்தன.

“எழுத்துப்பிழை ஒண்ணுகூட இல்லை சார்” என்றார். சத்தியமான உண்மை அது.

நாவல் வெளிவந்தது. மனிதர் பாதியாக இளைத்தார். அச்சகத்துக் கதவு கிரீச்சிட்டால் போதும், மேசைக்கு அடியில் பேனாவைத் தேடப் போய்விடுவார்.

ஒருநாள் எழுத்தாளரே வந்துவிட்டார். முதலாளி அறையை எட்டிக்கூடப் பார்க்காமல் நேராக இவர் மேசைக்கு வந்தார். கையைப் பிடித்துக் காகிதக் கிடங்குக்குள் இழுத்துப்போய்த் தாழ்ப்பாள் போட்டார்.

நம்மவர் ஒரு காகிதக் கட்டுக்குப் பின்னால் ஒதுங்கினார். “சார், நான் பிள்ளைகுட்டிக்காரன்…”

“மூணாவது பதிப்பு போகுது.” எழுத்தாளர் அவர் காதருகே குனிந்தார். “படிச்சவங்க எல்லாம் சொல்றாங்க, துப்பறியறவன்தான் கொலைகாரனாம்! அவ மூணு தடவையும் குடைன்னுதான் சொல்றாளாம். இவன் பைன்னும் வெறுங்கைன்னும் புளுகி, அப்பாவி தலையில பழியைக் கட்டிட்டானாம். ‘என்ன மூளை சார் உங்களுக்கு’ன்னு போற இடமெல்லாம் என் கையைப் பிடிச்சுக் குலுக்கறாங்க.”



எழுத்தாளர் பைக்குள்ளிருந்து அடுத்த நாவலின் கையெழுத்துப் பிரதியை எடுத்து, அவர் கையில் பயபக்தியோடு வைத்தார்.

“இதுல கொலைகாரன் யாருன்னு எனக்கு மட்டும் முன்கூட்டியே சொல்லிடுங்க சார்!”