மருதூரணித் தொகுதியின் ஓட்டுப்பெட்டி

சிரிக்க வைக்கிறேன், கொஞ்சம் பொறுங்கள். முதலில் பெட்டி விழிக்கட்டும். மருதூரணித் தொகுதியைக் கலைத்துப் பக்கத்துத் தொகுதிகளோடு சேர்த்துவிட்டதை அந்தப் பழைய ஓட்டுப்பெட்டிக்கு யாரும் சொல்லவில்லை. கிடங்கில் தூங்கியபடி அது வாக்காளர் வரிசைகளையே கனவு கண்டது.

ஒரு மத்தியானம் ஒலிபெருக்கிச் சத்தம் கேட்டு விழித்தது. "தாய்மார்களே, உங்கள் பொன்னான வாக்குகளை..."

"யோவ், வரிசையில நில்லுய்யா" என்றது போலீஸ் குரல்.

பெட்டி பூரித்துப்போய் வாயைத் திறந்தது. ஓட்டுகள் பூ உதிர்வதுபோல மெத்தென்று விழுந்தன.

"மணி அஞ்சு, முடிஞ்சுது" என்றார் அதிகாரி.

இனி அரக்கை உருக்கி முத்திரை வைப்பார்களே என்று பெட்டி காத்திருந்தது. சூடே படவில்லை. உள்ளே தடவினால் அத்தனையும் புங்க இலை. உத்தரத்தில் ஒரு மைனா விழுந்து விழுந்து சிரித்தது.

"அடப்பாவி, எல்லாக் குரலும் நீதானா? இலை போட்டதும் நீதானா?" என்ற பெட்டி, பிறகு மெதுவாகக் கேட்டது. "இத்தனை வருஷமா நிஜமா யாருமே வரலியே. நம்ம தொகுதியே இப்ப இல்லையா?"