ஒரு கட்டை இறக்கி

“அவன் அவ தோளை இடிச்சுக்கிட்டுத்தான் நிக்கிறான். எனக்குத் தெரியும்” என்றான் லோவல்.

“ஜன்னல்ல திரை போட்டிருக்கு. வண்டியில உக்காந்த உனக்கு எப்படித் தெரியும்?” என்றாள் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்திருந்த நோரீன். வேகவைத்த வேர்க்கடலையை உரித்துத் தின்றுகொண்டிருந்தாள்.

“இருக்கறது ஒரே மைக். மூணு பேரும் அதைச் சுத்தி நிக்கணும். ஒட்டி நிக்காம எப்படிப் பாடறது?”

“நீ எவ்வளவு ஒட்டி நின்னியோ, அவ்வளவுதான் அவனும் நிப்பான்.”

லோவலுக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. அவள் நீட்டிய கடலையையும் வாங்கவில்லை.

வர்ஜீனியா மலையடிவாரத்தில் மூடிக் கிடந்த ஒரு பள்ளிக்கூடத்தைத்தான் ஒலிப்பதிவுக்கூடமாக மாற்றியிருந்தார்கள். உள்ளே டெல்மா, புளூகிராஸ் என்னும் மலைநாட்டுப் பாட்டில் தன் மூன்றாவது ஆல்பத்தைப் பதிவு செய்துகொண்டிருந்தாள். முதல் இரண்டிலும் அவள் குரலுக்கு மேலே ஏறி நின்ற ஆண் குரல் லோவலுடையது. இப்போது அந்த இடத்தில் க்ளீட் நிற்கிறான். மர மில்லில் வேலை பார்க்கும், ஆளைப் பார்த்துப் பேசவே கூச்சப்படும் க்ளீட்.

“பதினாலு வருஷம், நோரீன். திருவிழா மைதானத்துல மழை. ஒரு தார்ப்பாய்க்குக் கீழே எல்லாரும் ஒதுங்கினோம். அவ சும்மா பாட ஆரம்பிச்சா, நான் மேல் சுதியில சேந்துக்கிட்டேன். ஹோபர்ட் ஆளுயர பேஸ் வாத்தியத்தைத் தூக்கிட்டு ஓடியாந்தான். அன்னிக்கே குழு உண்டாயிடுச்சு. அவ எந்த எடத்துல மூச்சு வாங்குவான்னு அவளுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்.”

“இதையும் பல தடவை கேட்டாச்சு” என்றாள் நோரீன்.

“ஆல்பத்து அட்டையில என் பேர் மொதல்ல வரணும்னு கேட்டேன். இல்லேன்னா போறேன்னேன். கோவத்துல சொன்னது. போன்னுட்டா. பத்து மாசம் ஆகல, இன்னொருத்தனைக் கொண்டாந்து நிறுத்திட்டா.”

கதவு திறந்தது. பேஸ் வாசிக்கும் ஹோபர்ட் சிகரெட்டும் கையுமாக வெளியே வந்தான். வண்டியைப் பார்த்ததும் தயங்கி, பிறகு பக்கத்தில் வந்தான்.

“எப்படிப் போகுது?” என்று கேட்டான் லோவல், அக்கறையில்லாதவன் போல.

“ஒம்பது பாட்டு முடிஞ்சுது. கடைசிப் பாட்டுதான் கழுத்தை அறுக்குது. க்ளீட்டுக்கு மேல எட்ட மாட்டேங்குது. ஏழு தடவை எடுத்துட்டோம். ஆறு மணிக்கு எடத்தைக் காலி பண்ணணும்.”

லோவலுக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. “எட்டாது. அவனுக்கு எப்படி எட்டும்?” என்றபடி கதவைத் திறந்து இறங்கினான். “நோரீன், ஒரு பத்து நிமிஷம் இரு.”

“நான் எங்கே போகப் போறேன்” என்றாள் அவள்.

உள்ளே க்ளீட் ஒரு ஓரமாக நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். லோவலைக் கண்டதும் அவன் முகம் மலர்ந்தது.

“நல்லவேளை, வந்துட்டே. என்னால முடியல, லோவல். இந்த ஒரு பாட்டை நீயே பாடிக் குடுத்துடு.”

அவன் நீட்டிய கையை லோவல் பார்க்காதது போல் இருந்தான். அந்தப் பெருந்தன்மைதான் அவனுக்கு இன்னும் எரிந்தது. டெல்மாவிடம் திரும்பினான்.

“பாடறேன். ஒண்ணு இல்ல, பத்தையும் மறுபடி பாடறேன். இவன் வெளியே போகட்டும்.”

டெல்மா கிதாரைத் தோளிலிருந்து இறக்கவில்லை. “அவன் போக மாட்டான்” என்றாள். பிறகு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த ஒலிப்பதிவாளரிடம், “ஒரு கட்டை இறக்கிப் பாடறோம்” என்றாள்.

“இறக்கினா உன் குரல் மங்கிப் போயிடும், டெல்மா. உனக்கே தெரியும்” என்றான் லோவல்.

“மங்கட்டும். அவனுக்கு எட்டணும், அவ்வளவுதான்.”

லோவல் வாசலை நோக்கித் திரும்பினான். பதினாலு வருஷத்தில் அவனுக்காக அவள் அரைக் கட்டைகூட இறக்கியதில்லை. ஜுரத்தில் தொண்டை கட்டிக் கிடந்த நாளில் கெஞ்சிப் பார்த்தும், ‘முடிஞ்சா பாடு, இல்லேன்னா விடு’ என்றவள் அவள்.

அவன் படியிறங்கும்போதே பாட்டு ஆரம்பித்துவிட்டது. மங்கும் என்று எதிர்பார்த்துக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றான். மங்கவில்லை. கனிந்திருந்தது. அதன் மேல் க்ளீட்டின் குரல், அவளை எழுப்பிவிடக் கூடாதே என்பது போல மெல்ல வந்து உட்கார்ந்தது. குற்றம் கண்டுபிடிக்க ஒரு இடமாவது கிடைக்காதா என்று லோவல் கடைசி வரி வரை கேட்டான். கிடைக்கவில்லை.

வண்டியில் ஏறிக் கதவை ஓங்கிச் சாத்தினான். கண்ணில் நீர் முட்டியது.

“அவனுக்காக சுதியையே இறக்கிட்டா, நோரீன். எனக்கு ஒரு நாளும் செஞ்சதில்ல. அப்படி என்ன இருக்கு அவன்கிட்ட?”

நோரீன் உடனே வண்டியைக் கிளப்பவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு அவன் பக்கம் திரும்பினாள்.

“க்ளீட் அவ புருஷன், லோவல். கல்யாணமாகி இத்தனை வருஷம் கழிச்சு, இன்னிக்குத்தான் அவனுக்குப் பொண்டாட்டி பக்கத்துல நிக்க எடம் கெடைச்சிருக்கு” என்றாள். “என் புருஷன் என் பக்கத்துல வந்து நிக்க இன்னும் எத்தனை வருஷம் ஆகும்? நீதான் சொல்லணும்.”