அரை கிலோ ஈயம்

"இந்த வால இன்னா, பசய கரண்டியால மொண்டு ஊத்தி ஒட்னீங்களாமா?" என்று கேட்டார் நஜீர்.

தாயம்மாள் தள்ளி நின்ற காரை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

குத்தம்பாக்கத்துப் பொட்டலில் ஞாயிற்றுக்கிழமை வெயில் இன்னும் ஏறவில்லை. இரண்டு முக்காலிகளின் மேல் இறக்கை விரித்துக் கிடந்தது அந்த ரிமோட் கிளைடர். எஞ்சின் இல்லாத பழைய மர விமானம் ஒன்றை நாலில் ஒரு பங்காகச் சுருக்கிச் செய்தது. அப்படியும் முனைக்கு முனை ஐந்து மீட்டர். இன்றுதான் முதன்முதலாகப் பறக்க வேண்டும்.

புதிதாகச் செய்த எதுவும் நஜீர் கை வைத்துப் பார்க்காமல் அங்கே மேலேறாது. கரையான்சாவடியில் கார் சக்கரங்களுக்கு பாலன்ஸ் பார்க்கிற கடை அவருடையது. ஞாயிற்றுக்கிழமைகளில் இந்தப் பறவைகளுக்குப் பார்த்துக் கொடுப்பார்.

இறக்கையின் அடியில் குறித்திருந்த இரண்டு புள்ளிகளில் ஆளுக்கொரு விரலை வைத்து, அவரும், அங்கே விமானம் விடுகிற பாபுவும் கிளைடரை மெல்லத் தூக்கினார்கள். வால் பொத்தென்று தாழ்ந்தது.

"பாத்தீங்களா? இப்படியே உட்டா மூக்கத் தூக்கிகினு நிக்கும். அப்பால குப்புற உழும்."

எரிச்சலைவிட நஜீருக்கு ஆச்சரியமே அதிகமாக இருந்தது. இறக்கையைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம், அத்தனை நறுவிசு. வாலிலோ பசை தாறுமாறாக வழிந்து, கட்டி கட்டியாக உறைந்து கிடந்தது.

"றெக்க யாரு செஞ்சது?"

"எங்க வீட்டுக்காரங்க. பக்கவாதம் வர்றதுக்கு முன்னாடி."

"வாலு?"

"நான்தான் பாய்."

இருபது அடி தள்ளி நின்ற காரின் முன் இருக்கையில், திறந்த கதவின் வழியே இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார் தாயம்மாளின் கணவர் கார்த்திகேசன். எட்டு மாதமாக ஆவடி குவார்ட்டர்ஸை விட்டு அவர் வெளியே வந்ததெல்லாம் ஆஸ்பத்திரிக்குத்தான். வேறோர் இடத்துக்கு வருவது இன்றுதான்.

"பச நெறைய ஊத்துனா ஸ்ட்ராங்கா இருக்கும்னு நெனச்சிக்கினீங்க," என்று நஜீர் குரலை உயர்த்தினார். "வால்ல நூறு கிராம் ஏறுனா, மூக்குல முந்நூறு கிராம் ஏத்தணும். தெரியுமா?"

"கொஞ்சம் மெதுவாப் பேசுங்க பாய். அவங்களுக்குக் கேட்டுரப் போகுது."

நஜீருக்குச் சிரிப்பு வந்தது. செய்த கோளாறு புருஷன் காதுக்குப் போகக் கூடாதாம்.

"சரிமா. வால அறுத்துட்டு லேசா வேற செஞ்சு ஒட்டிக்கலாம். ரெண்டு வாரம் ஆவும். நானே செஞ்சு தரேன்."

"வாலைத் தொட வேண்டாம் பாய். எவ்வளவு ஈயம் வேணும்னு சொல்லுங்க. வச்சிருவோம்."

"அர கிலோ ஆவும்மா. அவ்ளோ கனத்தோட எறங்கசொல்லோ வேகமா வரும். தரையில மோதி றெக்க போச்சுன்னா? ரெண்டு வருசம் ஒக்காந்து அவரு செஞ்ச றெக்கமா அது. இனிமே செய்ய முடியுமா அவரால?"

தாயம்மாள் இறக்கையின் விளிம்பை ஒருமுறை தடவினார். ஆனாலும் குரல் மாறவில்லை.

"தெரியும் பாய். இப்படியே பறக்கட்டும்."

கிளைடரைக் கயிறு கட்டி மேலே இழுத்துப் போகிற சிறு விமானத்துக்குப் பெட்ரோல் ஊற்றிக்கொண்டிருந்த பாபு, நஜீரின் காதோரம் முணுமுணுத்தான்: "உடு பாய். தான் செஞ்சத அறுக்கச் சொன்னா யாருக்கு மனசு வரும்?"

இத்தனை வீம்பா என்று தலையாட்டிக்கொண்டே, ஈயம் வைப்பதற்காக மூக்கின் மூடியைத் திறந்தார் நஜீர். திறந்தவர் அப்படியே நின்றார்.

உள்ளே ஓடிய ஒயர்கள் பின்னல் போட்டதுபோல ஒழுங்காகப் படிந்திருந்தன. விரற்கடைக்கு ஒரு நூல் முடிச்சு. பற்றவைத்த இடமெல்லாம் கடுகு கடுகாக ஒரே அளவு.

"இது யாரு?"

"இதுவும் நான்தான்."

மூக்கில் இப்படி வேலை செய்த கை, வாலில் எப்படி அப்படிச் செய்யும்? கேட்க வாயெடுப்பதற்குள் பாபு தன் விமானத்தின் எஞ்சினைக் கிளப்பிவிட்டான்.

டயர்க் கடை ஈயத்துண்டுகளை ஒவ்வொன்றாக ஒட்டி மூடினார்கள். மறுபடி தூக்கியபோது கிளைடர் விரல் நுனியில் அசையாமல் நின்றது.

பாபுவின் விமானம் இழுத்துப் போனது. உயரத்தில் நஜீர் ரிமோட்டைத் தட்டிக் கயிற்றைக் கழற்றியதும், ஓசையே இல்லாமல் கிளைடர் தனியாக மிதந்தது. நாலு வட்டம். ஐந்து வட்டம். தாயம்மாள் ஒருமுறைகூட மேலே பார்க்கவில்லை, காரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இறங்கும்போது நஜீர் பயந்தபடியேதான் ஆனது. அசுர வேகம். அவர் மெல்ல மெல்லத் தாழ்த்தினார். புல்லைத் தொட்டு, நெடுந்தூரம் வழுக்கி, முள்வேலிக்கு ஒரு முழம் முன்னால் நின்றது கிளைடர். இறக்கைக்கு ஒரு கீறல் இல்லை.

மூச்சு திரும்பியதும் நஜீர் காருக்கு நடந்தார்.

"பாத்தீங்களா சார்? சோக்கா பறந்துச்சு."

கார்த்திகேசனின் வலக்கை மடியில் அசையாமல் கிடந்தது. இடக்கையை நீட்டி நஜீரின் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டார். சொற்கள் ஒவ்வொன்றாகத் தேடித் தேடி வந்தன.

"பாய்... அந்த வால்... நான் ஒட்டுனது. இந்த இடக்கையால. அவ... தொடக்கூட இல்ல." சற்று நிறுத்தி, குரலைத் தாழ்த்திக் கேட்டார். "கனமாப் போச்சோ?"

நஜீர் நிமிர்ந்தார். கதவுக்குப் பின்னால் தாயம்மாள் அவரையே பார்த்தபடி நின்றிருந்தார்.

"சேச்சே, வாலு கரெக்டா கீது சார்," என்றார் நஜீர். "மூக்குதான் கொஞ்சம் லேசா இருந்துச்சு."