அறுந்த வார்

பெஞ்சமின் வாத்தியார் புத்தூரிலிருந்து பஸ் ஏறி வந்தது ஒரே ஒரு காரியத்துக்குத்தான். மகள் லிசியைப் பெண் கேட்கிற குடும்பம் எப்படிப்பட்டதுன்னு நேரில் பார்த்துவிட வேண்டும்.

பையன் ரெஜிஸ் மேல் ஒரு குறையும் இல்லை. லிசி வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியிலேயே அவனுக்கும் வேலை. ரெண்டு பேருக்கும் பிடித்தும் போச்சு.

வாத்தியாருக்கு இடித்தது பையனோட அப்பாதான்.

சவரிநாதன். ஸ்ரீரங்கம் தாண்டிப் போனால் வருகிற சின்ன நகராட்சியில் பில் கலெக்டராகச் சேர்ந்து, மேனேஜராகி, கமிஷனராக ரிடையரானவர். ஊரையே அதிகாரம் பண்ணிப் பழகின மனுஷன், வீட்டுக்கு வருகிற மருமகளை என்ன பாடு படுத்துவாரோ?

வீட்டில் அவர் சம்சாரம் லூர்துராணி முறுக்கு, காபி கொடுத்து நல்லாத்தான் பேசினாங்க. ஆனால் வீட்டுக்குள் எல்லாரும் நல்லவங்கதான். தெருவில் விசாரித்தால்தானே தெரியும்.

"கொஞ்சம் கடைத்தெருப் பக்கம் நடந்துட்டு வருவோமாங்க?" என்றார் வாத்தியார்.

சவரிநாதன் குஷியாகக் கிளம்பினார். போகிற வழியெல்லாம் பழைய கதைதான். தண்ணி டேங்க்கைக் காட்டி, இது வருவதற்குள் என் தலை நரைச்சுப் போச்சு என்றார். சாப்பிட உட்கார்ந்தால் போதும், தெருவிளக்கு எரியலைன்னு யாராவது வந்து கதவைத் தட்டுவாங்களாம். நாய் கடிச்சதுக்குக்கூட ஒருத்தர் ஆபீஸுக்கு வந்து இவர்கிட்ட சண்டை போட்டாராம்.

"நல்லது நடந்தா கவுன்சிலர். நாத்தம் அடிச்சா கமிஷனர். அவ்வளவுதாங்க நம்ம உத்தியோகம்."

வாத்தியாருக்கே சிரிப்பு வந்துவிட்டது. பரவாயில்லையே, சாதாரணமாத்தானே பேசறார் என்று நினைத்துக்கொண்டே நடந்தார்.

கடைத்தெரு முனையில் சவரிநாதனின் செருப்பு வார் பட்டென்று அறுந்தது.

காலை இழுத்து இழுத்து நடந்து, செருப்புத் தைக்கிற அம்மாசியின் குடை நிழலுக்குப் போய் ஸ்டூலில் உட்கார்ந்தார். செருப்பைக் கழற்றி நீட்டினார்.

அம்மாசி அதைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. சவரிநாதன் முகத்தைத்தான் பார்த்தார். அப்புறம் எதிரே கீரை விற்கிற இருளாயியைப் பார்த்து லேசாகக் கனைத்தார்.

இருளாயி கீரைக்கட்டெல்லாம் வாரிக் கூடையில் போட்டாள். தராசை முந்தானையில் சுற்றிக்கொண்டாள். தாஜுதீன் பாயின் கொய்யாப்பழ வண்டி சந்துக்குள் நுழைந்தது. பாத்திரம், பிளாஸ்டிக் வாளி, பூக்கூடை, ஒவ்வொன்றாகக் காணாமல் போச்சு. கடைசியில் அம்மாசியும் குடையை மடக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். ஸ்டூல் மட்டும்தான் மிச்சம்.

சவரிநாதன் மொட்டை வெயிலில், கையில் ஒற்றைச் செருப்போடு உட்கார்ந்திருந்தார்.

"எல்லாரும் எங்கங்க போறாங்க?" என்றார் வாத்தியார்.

சவரிநாதன் தலையைக் குனிந்துகொண்டார். "நான் பார்த்த வேலை அப்படிங்க. நடைபாதைக் கடையை எடுக்கச் சொல்லி லாரி அனுப்பினவன் நான்தானே."

வாத்தியாருக்கு மனசு கசந்துபோச்சு. ரிடையராகி வீட்டில் உட்கார்ந்த பிறகும் ஏழைபாழைங்க தலைதெறிக்க ஓடுதுன்னா, பதவியில் இருந்தப்போ என்ன ஆட்டம் ஆடியிருப்பார்.

"வீட்ல கலந்துட்டுச் சொல்றேங்க" என்று கும்பிட்டார்.

பெண் வீட்டுக்காரர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தால் என்ன அர்த்தம்னு சவரிநாதனுக்குத் தெரியாதா? ஏதோ சொல்ல வந்து விழுங்கிக்கொண்டார்.

"பையன் ரொம்ப நல்லவங்க. என்னை வச்சு அவனை எடை போட்டுடாதீங்க" என்று மட்டும் சொன்னார்.

பஸ் ஸ்டாண்டுக்குச் சர்ச் சந்து வழியாகத்தான் போகணும். சர்ச் படியில் கூடையோடு உட்கார்ந்திருந்தாள் இருளாயி.

வாத்தியாருக்கு மனசு கேட்கவில்லை. "ஏம்மா, அவர்கிட்ட இன்னுமா உங்களுக்கு இவ்வளவு பயம்?"

"பயமா? யாருக்கு?" இருளாயி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். வெளியூர் ஆள், சர்ச்சைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டவர் என்றதும் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

நடைபாதையைக் காலி பண்ணச் சொல்லி மேலேயிருந்து உத்தரவு வந்துவிட்டால், முதல் நாளே இவர் அம்மாசிகிட்ட வந்து உட்கார்ந்துவிடுவாராம். நேத்து வாங்கின மாதிரி இருக்கிற செருப்பைக் கழற்றிக் கொடுத்து, தைச்சுக் கொடுன்னு சொல்லுவாராம். அம்மாசியும் தையல் மேல் தையல் போட்டுக் கொடுப்பாராம். ஏன்னு இவங்க கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

"மறுநாள் லாரி வரும். ரோடு துடைச்ச மாதிரி இருக்கும். அவர் வேலையும் முடிஞ்சுது, எங்க தராசும் தப்பிச்சுது. லாரியில அள்ளிப்போட்டுக்கிட்டுப் போயிட்டா, அந்தத் தராசுக்கு நான் எந்த ஆபீஸ் வாசல்ல போய் நிக்கிறது?"

"இப்பதான் அவர் கமிஷனர் இல்லையேம்மா."

"இல்லாட்டி என்னங்க? யார் மூலமாவோ காதுல விழுந்திருக்கும். வேலை முடிஞ்சும் எங்களுக்குச் சொல்லணும்னு இந்த வெயில்ல வந்துச்சு பாருங்க, அந்த மகராசன்." எழுந்து கூடையைத் தூக்கினாள். "சார், வெளியில சொல்லிடாதீங்க. புது கமிஷனர் காதுக்குப் போனா பெரியவருக்குத்தான் பொல்லாப்பு."

வாத்தியார் வந்த வழியே திரும்பி நடந்தார்.

சவரிநாதன் இன்னும் அதே ஸ்டூலில்தான் இருந்தார். எங்கேயோ கிடந்த சணல் கயிற்றை எடுத்து வாரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

வாத்தியார் அந்தச் செருப்பைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். வார் நெசமாகவே அறுந்துதான் கிடந்தது.

"நீங்க இங்கேயே இருங்க சம்மந்தி" என்றார். "நாளைக்கு லாரி வராதுன்னு நான் போய் அவங்ககிட்ட சொல்லிட்டு வரேன்."